அப்பச்சியின் வாட்சும் இரண்டு பின்களும்

போன வருடம் பழனி பாதயாத்திரையில், குன்றக்குடியை விட்டுக் கிளம்பிய முதல் நாளே, அப்பச்சியின் (எங்கள் பக்கம் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) வாட்ச் என் கையிலிருந்து கழன்று ரோட்டில் விழுந்தது. இன்னும் விடியவில்லை. தை மாதப் பனி. காவடிகள் முன்னால் போய்விட்டன. நாங்கள் பத்துப் பேர் மட்டும் கொஞ்சம் தங்கி, அரோகரா சொல்லிக்கொண்டு நடந்துகொண்டிருந்தோம். விழுந்தது எனக்குத் தெரியவே இல்லை. எங்களுக்குப் பின்னால் வந்த ஓர் அம்மா, "ஆச்சி, வாட்சு விழுந்திருச்சு பாருங்க" என்று ஓடி வந்து கையில் கொடுத்தார். அவர் கண்ணில் படாமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் வயிறு கலங்குகிறது.

டார்ச் அடித்துப் பார்த்தேன். கண்ணாடியில் ஒரு கோடு விழுந்திருந்தது. ஓட்டம் நிற்கவில்லை. பெல்ட்டும் அறுந்திருக்கவில்லை, நாலு மாதத்துக்கு முன்னால்தான் மாற்றிய புது பெல்ட். ஒரு பக்கம் மட்டும் வாட்சிலிருந்து விடுபட்டுத் தொங்கியது. முந்தானையில் முடிந்துகொண்டு நடந்தேன். பழனி போய்ச் சேரும்வரை மணி பார்க்க இடது கையைத் தூக்குவதும், வெறும் கையைப் பார்த்து இறக்குவதுமாகவே இருந்தது.

அது எச்.எம்.டி. ஜனதா. அப்பச்சி 1979-ல் வாங்கியது. எச்.எம்.டி. நிறுவனம் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு சேர்ந்து பெங்களூரில் 1961-ல் வாட்ச் தயாரிக்கத் தொடங்கியது. நம் ஊர்களில் ஒரு தலைமுறைக்கே வாட்ச் என்றால் எச்.எம்.டி.தான். 2016-ல் அந்தப் பிரிவையே மூடுவதென்று மத்திய அரசு முடிவெடுத்துவிட்டது. பேட்டரி கிடையாது, தினமும் சாவி கொடுக்க வேண்டும். அப்பச்சி விடிகாலையில் முகப்புத் திண்ணையில் உட்கார்ந்து, காப்பி ஆறும்வரை கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் அந்தச் சாவியை உருட்டுவார். கிர்ர், கிர்ர் என்று கேட்கும். இறுகியதும் விட்டுவிடுவார், அதற்கு மேல் ஒரு சுற்றும் திருப்ப மாட்டார். அவர் போன பிறகு ஆத்தா அதை என்னிடம் கொடுத்தார். ஆம்பிளை வாட்ச்தான், இருந்தாலும் நான் தினமும் கட்டுகிறேன்.

பழனியிலிருந்து வந்து இரண்டு நாள் கால்வலி. மூன்றாம் நாள் வளவில் வெளிச்சம் நன்றாக விழும் இடத்தில் உட்கார்ந்து, மகனின் பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு, ஏன் கழன்றது என்று பார்த்தேன்.

வாட்சின் உடம்பிலிருந்து மேலே இரண்டு, கீழே இரண்டு என்று நான்கு கொம்புகள் நீட்டிக்கொண்டிருக்கும். ரிப்பேர் கடைகளில் லக் என்பார்கள். ஒவ்வொரு கொம்பின் உட்பக்கத்திலும் ஊசி நுழைகிற அளவுக்கு ஒரு குழி. இரண்டு கொம்புக்கும் நடுவில் ஒரு சின்ன உலோகக் குழல் குறுக்காகக் கிடக்கும். அதுதான் ஸ்பிரிங் பார், கடைக்காரர்கள் வாயில் வெறும் பின். குழலுக்குள் சன்னமான சுருள் இருக்கிறது. இரண்டு முனையும் அந்தச் சுருளின் பலத்தில் வெளியே தள்ளிக்கொண்டு, குழிக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். பெல்ட்டின் மடிப்பு இந்தக் குழலின் மேல்தான் சுற்றியிருக்கிறது. ஆக, வாட்சைக் கையோடு சேர்த்துப் பிடித்திருப்பது நூல் தடிமனுள்ள நான்கு முனைகள். அவ்வளவுதான்.

கழன்ற பக்கத்துப் பின் பெல்ட் மடிப்புக்குள்ளேயே இருந்தது. எடுத்து விரல் நகத்தில் வைத்து ஒரு முனையை அழுத்தினேன். உள்ளே போனது, உடனே துள்ளி வெளியே வந்தது. மறுமுனையை அழுத்தினேன். உள்ளே போனது. வெளியே வரவில்லை. குழலின் வாயில் செம்மண் நிறத்தில் ஒரு வளையம் போலத் துரு. புது பெல்ட் போட்ட கடையில் பழைய பின்னையே திரும்ப மாட்டியிருக்கிறார்கள். பத்து நிமிஷத்தில் கட்டிக் கொடுத்தார்கள், நானும் பெல்ட்டின் நிறத்தைப் பார்த்தேனே தவிர பின்னைப் பார்க்கவில்லை.

ஸ்டீல் எப்படித் துருப்பிடிக்கும் என்பது எனக்குப் புரியவில்லை. பக்கத்து வீட்டு அண்ணன் காரைக்குடி சிக்ரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். 1953-லிருந்து நடக்கிற அந்த மின்வேதியியல் ஆய்வு நிலையத்தில் துருவைப் பற்றிய ஆராய்ச்சியும் உண்டு. அவரிடம் கேட்டேன். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலின் மேல் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய ஆக்சைடு படலம் இருக்கிறது, அதுதான் காவல், கீறல் பட்டாலும் காற்று பட்டால் அந்தப் படலம் திரும்ப உண்டாகிவிடும் என்றார். "ஆனா இந்தக் குழலுக்குள்ள காத்து போகாது ஆச்சி. வேர்வை உப்பு மட்டும் போயி தங்கிக்கும். படலம் திரும்ப வராது. அங்கதான் தின்ன ஆரம்பிக்கும்." வெளியில் பளபளப்பாக இருந்துகொண்டே உள்ளே இறுகிப்போவதற்கு அதுதான் காரணம். நம் ஊர் சித்திரை வெயிலில் மணிக்கட்டு ஒரு மணி நேரத்தில் எப்படி நனைகிறது என்று நினைத்துப் பார்த்தேன்.

சரி, நாமே மாற்றிவிடலாம் என்று இறங்கினேன். இங்கே நான் செய்த தவறுகளைச் சொல்லிவிடுகிறேன், நீங்கள் செய்ய வேண்டாம்.

வீட்டில் ஓடாமல் கிடந்த ஒரு வாட்சிலிருந்து பின்னைக் கழற்றப் பார்த்தேன். கீழே அப்பத்தாவின் பழைய கண்டாங்கிச் சேலைத் துண்டை மடித்துப் போட்டிருந்தேன். கையில் ஊக்கு. ஊக்கின் முனையைக் கொம்புக்கும் பெல்ட்டுக்கும் நடுவில் விட்டு நெம்பினேன். ஊக்கு வளைந்தது, சறுக்கியது, கொம்பில் ஒரு கீறல். இரண்டாவது தடவை நெம்பியபோது டிங் என்று ஒரு சத்தம். பின்னைக் காணவில்லை. எங்கள் வீட்டுத் தரை ஆத்தங்குடிக் கல். சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று பூ வேலைப்பாடு. அந்தப் பூக்களுக்கு நடுவில் ஒன்றரை மில்லிமீட்டர் தடிமனுள்ள கம்பியைத் தேடுவது பெரும்பாடு. அரைமணி நேரம் தரையைத் தடவினேன். பள்ளிக்கூடம் விட்டு வந்த மகன், டார்ச்சை வாங்கித் தரையோடு தரையாகப் படுக்க வைத்து வெளிச்சத்தை நீள ஓட விட்டான். எந்தச் சின்னப் பொருளுக்கும் அந்த வெளிச்சத்தில் நீளமாக நிழல் விழும். முதலில் ஒரு கடுகு, அப்புறம் ஒரு பாசிமணி, அதற்கப்புறம் தூணின் கல்லடியில் அந்தப் பின். அன்றிலிருந்து வீட்டில் எது தொலைந்தாலும் இப்படித்தான் தேடுகிறோம்.

காந்தத்தை வைத்துத் தேடலாமே என்று உங்களுக்குத் தோன்றலாம். சாவி கொடுக்கிற வாட்ச் பக்கத்தில் இருக்கும்போது காந்தத்தை எடுக்காதீர்கள். உள்ளே இருக்கிற மயிரிழைச் சுருளில் காந்தம் ஏறிவிட்டால் வளையங்கள் ஒன்றோடொன்று ஒட்டி, வாட்ச் தாறுமாறாக வேகமாக ஓடத் தொடங்கும்.

மறுநாள் காரைக்குடி போனேன். பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற வழியில், ஒரு மருந்துக் கடையின் படியோரம், கண்ணாடிப் பெட்டி ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெரியவரிடம். அவருக்கு எழுபது வயது இருக்கும். நான் அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். பின்னைக் காட்டினேன். கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு பார்த்தவர், வாட்சையும் வாங்கிப் புரட்டினார். முதலில் பெல்ட்டின் ஓரத்தைத்தான் காட்டினார். வாட்சில் மாட்டும் இடத்தில் தோல் இரண்டு பக்கமும் நசுங்கி, பிளேடால் சீவிய தடம்.

"இது இருபது மில்லிமீட்டர் பெல்ட்டு ஆச்சி. ஒங்க வாட்சு பதினெட்டு. சீவி நுழைச்சிருக்காங்க. தோலு வெளிய தள்ளிக்கிட்டே இருக்கும், பின்னு உள்ள நெளிஞ்சுக்கிட்டே இருக்கும்."

அப்புறம் சொன்னதுதான் எனக்கு மறக்கவே இல்லை. "பெல்ட்டு பிஞ்சா கண்ணுக்குத் தெரியும். பின்னு போறது தெரியாது. பெல்ட்டு மாத்துறப்பல்லாம் பின்னையும் மாத்திருங்க. அதென்ன பெரிய காசா?"

பெரிய காசில்லைதான். பெல்ட் விலையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. இரண்டு பின் கேட்டேன். ஆறாக வாங்கிக்கொள்ளச் சொன்னார். கூடவே பின் கழற்றுகிற கருவி ஒன்றும் கொடுத்தார். பேனா போல இருக்கிறது. ஒரு நுனியில் பாம்பின் நாக்கு மாதிரி பிளந்த முள், மறுநுனியில் நேரான ஊசி. அவர் முன்னாலேயே இரண்டு தடவை கழற்றி மாட்டச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் அனுப்பினார். கடைக்கு வருகிற ஆளைத் தானே செய்துகொள்ளப் பழக்கிவிட்டார், அந்த மனசுக்கு நான் என்ன செய்ய முடியும். ஒரு டப்பா சீடை கொண்டுபோய்க் கொடுத்தேன்.

இனி நான் இப்போது செய்கிற முறை.

முதலில் அளவு. பழைய பெல்ட்டை அளக்கக் கூடாது. அது நசுங்கியிருக்கும், உப்பியிருக்கும், என் விஷயத்தில் அளவே தப்பு. பெல்ட்டைக் கழற்றிவிட்டு, இரண்டு கொம்புகளுக்கு நடுவில் உள்ள வெறும் இடைவெளியைப் பள்ளிக்கூட ஸ்கேலால் மில்லிமீட்டரில் அளக்க வேண்டும். ஆண்கள் வாட்சில் பெரும்பாலும் 18, 20, 22. பெண்கள் வாட்சில் 8, 10, 12, 14 என்று வரும். சிலவற்றில் 19 போல ஒற்றைப்படையும் உண்டு. அப்படி வந்தால் 19-ஐயே தேடி வாங்குங்கள். சின்னதாகப் போட்டால் பெல்ட் இடமும் வலமும் ஆடும், ஓரத்தில் பின் தெரியும். பெரியதாகப் போட்டால் என் கதைதான். நல்ல பெல்ட்டின் உட்பக்கத்தில் அகலத்தின் எண் அச்சாகியிருக்கும். பின்னையும் அதே எண் சொல்லித்தான் வாங்க வேண்டும். 18 இடைவெளிக்கு 16 பின்னைப் போட்டால் மாட்டியது போலத்தான் இருக்கும், முனை குழியின் விளிம்பில் மட்டும் தொட்டுக்கொண்டு நிற்கும்.

நீளத்தையும் பார்க்க வேண்டும். எனக்கு மணிக்கட்டு சிறுத்தது. ஆண்கள் பெல்ட்டில் ஓட்டைத் துண்டு 115 மில்லிமீட்டர், பக்கிள் துண்டு 75 என்பது சாதாரண அளவு. எனக்கு அதுவே கடைசி ஓட்டைக்கு முந்தின ஓட்டையில்தான் நிற்கிறது. அதைவிட நீளமானது வாங்கினால் வால் சுற்றிக்கொண்டு வந்துவிடும்.

வேலைக்கு உட்கார்கிற இடம் பகல் வெளிச்சத்தில், மேசையில். தரையில் வேண்டவே வேண்டாம். கீழே கட்டம், பூ எதுவும் இல்லாத வெள்ளைத் துண்டு, விளிம்பு வைத்த தாம்பாளத்துக்குள் விரித்தது. ஜனதாவின் கண்ணாடி உண்மையில் கண்ணாடி இல்லை, அக்ரிலிக். சீக்கிரம் கோடு விழும். அதனால் முகம் கீழே படும் இடத்தில் துணி மடிப்பு மெத்தென்று இருக்க வேண்டும். கொம்புகளின் மேல் செலோ டேப்பை ஒரு சுற்று ஒட்டிவிடுவேன், கருவி சறுக்கினாலும் டேப்பில்தான் கீறும். முதல் முறை செய்கிறவர்கள் பெரிய பிளாஸ்டிக் கவருக்குள் வாட்சையும் இரண்டு கையையும் விட்டுக்கொண்டு செய்யலாம். பின் துள்ளினால் கவருக்குள்ளேயே விழும்.

பின்னின் முனைக்குச் சற்று உள்ளே, குழலைச் சுற்றி மோதிரம் மாதிரி ஒரு விளிம்பு இருக்கும். பிளந்த முள்ளைக் கொம்புக்கும் பெல்ட்டுக்கும் நடுவில் மெதுவாக விட்டு அசைத்தால், முள் அந்த விளிம்பில் போய்க் கவ்வுவது விரலுக்குத் தெரியும். தெரியும்வரை தள்ளாதீர்கள். கவ்வியதும் வாட்சின் நடுப்பக்கமாக ஓர் இழை தள்ளி, பெல்ட்டை லேசாக மேலே எடுத்தால் போதும், வந்துவிடும். மறுகையின் கட்டைவிரல் பின்னின் மேலேயே மூடியிருக்க வேண்டும். பலம் தேவைப்படுகிற வேலையே இது இல்லை. பலம் தேவைப்பட்டால் முள் வேறெங்கோ மாட்டியிருக்கிறது என்று அர்த்தம்.

சில வாட்சுகளில் கொம்பின் வெளிப்பக்கம்வரை ஓட்டை இருக்கும், வெளியிலிருந்தே பின்னின் முனை தெரியும். அவற்றுக்கு மறுநுனியில் உள்ள ஊசியால் வெளியிலிருந்து குத்தித் தள்ளினால் போதும், இன்னும் சுலபம். புது பெல்ட்டுகள் சிலவற்றில் பின்னோடு சின்னக் குமிழ் ஒன்று சேர்ந்தே வருகிறது. நகத்தால் இழுத்தால் கழன்றுவிடும், கருவியே வேண்டாம்.

பெல்ட்டைக் கழற்றியதும் உடனே புதியதை மாட்டிவிடாதீர்கள். கொம்புகளுக்கு நடுவில் எவ்வளவு அழுக்கு என்று அப்போதுதான் தெரியும். அப்பச்சியின் வாட்சில் கறுப்பும் பச்சையுமாகப் பசை போல ஒட்டியிருந்தது. மேலே பூசிய குரோமியம் முலாம் அரித்துப்போய், அடியில் பித்தளை தெரிகிறது. பித்தளையில் வியர்வை பட்டால் வருகிற களிம்புதான் அந்தப் பச்சை. நாற்பது வருட வியர்வை. அதைச் சுரண்டும்போது ஒரு நிமிஷம் கை நின்றுவிட்டது. அவர் கை வியர்வையும் அதில்தானே இருக்கிறது. ஆனால் விட்டுவைத்தால் மிச்சமுள்ள முலாமையும் தின்றுவிடும். உலர்ந்த பழைய பல் தேய்க்கும் பிரஷ், அப்புறம் பல்குத்தும் குச்சி, கடைசியில் பஞ்சைத் தண்ணீரில் நனைத்து நன்றாகப் பிழிந்து ஒரு துடைப்பு. பழைய வாட்சைக் குழாயில் காட்டிக் கழுவவே கூடாது, சாவிக் குழாய் வழியாகத் தண்ணீர் உள்ளே போகும். கொம்பின் குழிக்குள்ளும் ஊசியால் அழுக்கை எடுத்தேன். பூதக்கண்ணாடியில் பார்த்தால் ஒரு குழி வட்டமாக இல்லை, தேய்ந்து முட்டை வடிவமாகியிருந்தது. அப்படி இருந்தால் முனை சற்றுத் தடித்த பின்னாகப் பொறுக்கித் தரச் சொல்ல வேண்டும். பெரியவர் கண்ணால் பார்த்தே எடுத்துக் கொடுத்தார்.

மாட்டுவது கழற்றுவதைவிட எளிது. ஒரு பின்னை எடுத்து இரண்டு முனையையும் நகத்தில் அழுத்திப் பார்க்க வேண்டும், புதுப் பின்னாக இருந்தாலும். பெல்ட் மடிப்புக்குள் விட்டு, ஒரு முனையை ஒரு கொம்பின் குழியில் வைத்து, மறுமுனையை முள்ளால் அமுக்கிக்கொண்டே உள்ளே சறுக்கினால், குழி வந்ததும் டிக் என்று ஒரு சத்தம். அந்தச் சத்தம் கேட்காவிட்டால் மாட்டவில்லை. பக்கிள் உள்ள குட்டைத் துண்டு 12 மணிப் பக்கம், ஓட்டை உள்ள நீளத் துண்டு 6 மணிப் பக்கம். நான் முதலில் மாற்றி மாட்டிவிட்டுத் திரும்பவும் கழற்றினேன்.

அடுத்து நான் விடாமல் செய்வது இழுத்துப் பார்ப்பது. வாட்சை ஒரு கையில் பிடித்துக்கொண்டு பெல்ட்டை நேராக ஒரு தடவை, பிறகு மேலும் கீழுமாக மடக்கி ஒரு தடவை. தயங்காமல் நன்றாகவே இழுக்கலாம். கழல்வதாக இருந்தால் துண்டின் மேல் கழலட்டும். இரண்டு நாள் கழித்து இன்னொரு தடவை இழுத்துப் பார்க்கிறேன், புதுத் தோல் படிந்த பிறகுதான் உண்மை தெரிகிறது.

எந்த பெல்ட் என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். எனக்குத் தோல்தான் பிடிக்கும், ஜனதாவுக்குப் பழுப்புத் தோல் அவ்வளவு பொருந்துகிறது. ஆனால் செட்டிநாட்டு வெயிலில் தோல் தினசரி உழைக்காது. பங்குனி முதல் ஆவணி வரை தினமும் கட்டினால் உட்பக்கம் கறுத்து, நாற்றம் பிடித்து, வெடித்துவிடும். எண்ணெய் தடவினால் மிருதுவாகும் என்று தேங்காய் எண்ணெய் போட்டுப் பார்த்தேன், தையல் நெகிழ்ந்து புழுதியெல்லாம் ஒட்டிக்கொண்டது. தோலைக் கல்யாணம், கோயில் என்று வெளியே போகும்போது மட்டும் கட்டி, வந்ததும் கழற்றி நிழலில் காற்றாட வைக்கிறேன். ஈரத்தோடு பீரோவுக்குள் வைத்தால் ஐப்பசி மழையில் பூசணம் பூத்துவிடும். சிலிக்கான் கழுவ வசதி, ஆனால் அடியில் வியர்வை தேங்கி எனக்கு அரிப்பு வந்தது. கட்டும்போது சுண்டுவிரல் நுனி உள்ளே போகிற அளவு தளர்வாக இருந்தால் அரிப்பு பாதி குறையும்.

தினசரிக்கு நான் கண்டுகொண்டது நைலான் நாடா பெல்ட். கடையில் நேட்டோ பெல்ட் என்று கேட்டால் கொடுப்பார்கள். பிரிட்டிஷ் ராணுவம் 1973-ல் வகுத்த மாதிரியிலிருந்து வந்தது. இரண்டு துண்டு இல்லை, ஒரே நீள நாடா. மேல் பின்னுக்கு அடியில் நுழைந்து, வாட்சின் முதுகோடு ஓடி, கீழ்ப் பின்னுக்கு அடியில் வெளியே வருகிறது. அதனால் ஒரு பின் போனாலும் வாட்ச் அடுத்த பின்னில் தொங்கிக்கொண்டு நிற்கும், கீழே விழாது. பாதயாத்திரைக்கு இதைவிட வேறென்ன வேண்டும்! அழுக்கானால் சோப்பு போட்டுக் கசக்கிக் கொடியில் போட்டால் காய்ந்துவிடுகிறது. வாங்கும்போது நாடாவின் தடிமனைப் பாருங்கள். பின்னுக்கும் வாட்ச் உடம்புக்கும் நடுவில் இடம் குறைவாக இருந்தால் தடித்த நாடா நுழையாது, திணித்தால் பின் வளையும். மெல்லிய ஒற்றை நாடாதான் பழைய வாட்சுகளுக்குச் சரி.

கை பழகியதும் வீட்டில் எல்லாருடைய வாட்சும் என்னிடம் வந்துவிட்டது. வீட்டுக்காரருக்கு ஸ்டீல் செயின், தளர்ந்து தளர்ந்து முழங்கைக்கு ஓடும். அதில் கண்ணிகளின் உட்பக்கம் சின்ன அம்புக்குறி பொறித்திருக்கிறது. அம்பு காட்டும் திசையில் கம்பியைத் தள்ளி எடுக்க வேண்டும், திரும்பப் போடும்போது அம்புக்கு எதிர்த்திசையில். இரண்டு கண்ணி எடுப்பதென்றால் பக்கத்துக்கு ஒன்றாக எடுத்தால்தான் கொக்கி மணிக்கட்டின் நடுவில் நிற்கும். எடுத்த கண்ணிகளை ஒரு டப்பாவில் பத்திரமாக வையுங்கள், உடம்பு போட்டால் திரும்பத் தேவைப்படும். ஆத்தாவின் சின்ன வாட்சுக்குப் புது பெல்ட் போட்டும் கடைசி ஓட்டையில் தளர்வாக இருந்தது, கை அவ்வளவு மெலிந்துவிட்டது. பழைய ஓட்டைகளின் இடைவெளியை அளந்து பென்சிலால் புள்ளி வைத்துக்கொண்டு, செருப்புத் தைக்கிறவரிடம் கொடுத்து ஓட்டை போட்டு வந்தேன். வீட்டில் ஊசியைக் காய்ச்சிக் குத்தினால் தோல் பொசுங்கி அந்த இடத்திலேயே கிழியும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் பக்கத்து வீடுகளில் ரங்கூனுக்கும் பினாங்குக்கும் கொண்டுவிக்க, அதாவது வியாபாரத்துக்கு, போன ஐயாக்களின் வாட்சுகள் பெட்டகத்துக்குள் இன்னமும் கிடக்கின்றன. முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகளிலும் பார்க்கலாம். ஃபேவர் லூபா, வெஸ்ட் எண்ட் என்று முகத்தில் எழுதியிருக்கும். அவற்றில் மிகப் பழையவை சிலவற்றில் பின்னே கிடையாது, கொம்போடு கொம்பாகக் கம்பியைப் பற்றவைத்திருப்பார்கள். அது தெரியாமல் கருவியை விட்டு நெம்பினால் கம்பி பிய்ந்துவிடும், அல்லது கொம்பு வளையும். முதலில் பூதக்கண்ணாடியால் பாருங்கள். கம்பியும் கொம்பும் சேரும் இடத்தில் இடுக்கே தெரியாமல் ஒன்றாக இருந்தால் கை வைக்காதீர்கள். அதற்கு நைலான் நாடாவை நுழைத்துக்கொள்ளலாம், எதையும் கழற்ற வேண்டியதில்லை. எங்கள் பங்காளி வீட்டில் ஒன்றுக்கு அப்படித்தான் போட்டுக் கொடுத்தேன். ஐம்பது வருடமாக யார் கையிலும் ஏறாமல் இருந்த வாட்ச், இப்போது அந்த வீட்டுப் பையன் கட்டிக்கொண்டு காலேஜ் போகிறான்.

இந்த வருடம் தை பிறந்ததும் அப்பச்சி வாட்சின் இரண்டு பின்னையும் மாற்றினேன். பழையதை அழுத்திப் பார்த்தேன், நன்றாகத்தான் இருந்தது. இருந்தாலும் மாற்றினேன். மிச்சமிருந்த பின்களையும் கருவியையும் ஒரு குங்குமச் சிமிழில் போட்டு இடுப்புப் பையில் வைத்துக்கொண்டேன். சிங்கம்புணரியில் தங்கியிருந்தபோது, பக்கத்தில் பாய் விரித்திருந்த ஒரு பெரியவர் வாட்சைக் கையில் வைத்துக்கொண்டு பெல்ட்டை அப்படியும் இப்படியும் பொருத்திக்கொண்டிருந்தார்.

"என்னண்ணே, கழன்டிருச்சா?"

"ஆமா ஆச்சி. பின்னு எங்கயோ விழுந்துருச்சு. ஊருக்குப் போயித்தான் பாக்கணும்."

வாங்கிப் பார்த்தேன், பதினெட்டு. வெள்ளைத் துண்டை மடியில் விரித்து, ஒருத்தரை டார்ச் பிடிக்கச் சொல்லி, இரண்டு பக்கமும் புதுப் பின் போட்டேன். மூன்று நிமிஷம் ஆகியிருக்கும். இரண்டு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு அவர் கையில் கொடுத்தேன். அவரும் ஒரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டுக் கட்டிக்கொண்டார்.